தலையாட்டியின் வாக்குமூலம்

2024 செப்டெம்பர் 9, திங்கள்

கடைசி வருடம் தொடங்கிவிட்டது. வீடு இருக்கிற மில்லிக்கனில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் பஸ், பிறகு சப்வே, ஒன்றேகால் மணித்தியாலம். இந்தத் தவணை யூதவியலில் நான்கு வகுப்புகள். திங்கள் வரலாறு, செவ்வாய் இத்திஷ் மொழி, புதன் பழைய சமயச் சட்டம், வியாழன் வாய்மொழி வரலாறு. ஒரே காயத்தை நான்கு பேர் நான்கு கத்தியால் திறந்து பார்க்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அம்மாவோடு வேலை செய்கிற அன்ரி நேற்றும் கேட்டார்: "வேதக்கார வீட்டுப் பிள்ளை, உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய் வேரோனிக்கா?" யூதவியல் என்றதும் வளாகத்தில் வேறு கேள்வி: "நீ எந்தப் பக்கம்?" இரண்டுக்கும் சிரிக்கிறேன். எங்கட ஆக்களுக்கு நடந்ததை நேரே பார்க்க எனக்குப் பயம். அடுத்தவர் செத்தவீட்டில் நின்று அழுவது சுகம். இதை யாருக்குச் சொல்வது?

பதினொரு வயதில் ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தவள். ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் கட்டுரையாகிவிடுகிறது. அதனால் இது மட்டும் தமிழில்.

செப்டெம்பர் 21, சனி

கிளிபோட் மாமாவுக்கான பூசை. அம்மாவின் ஒரே தம்பி. தொண்ணூற்றாறில், இதே நாளில், ஊர்ச் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இருபத்தெட்டு வருடமாகியும் அம்மா பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது சுவாமியிடம் அதையேதான் சொல்கிறார்: "இறந்தவர் எண்டு வாசிக்காதேங்கோ ஃபாதர். சுகத்துக்காக எண்டு வாசியுங்கோ."

பெரியப்பா அமிர்தநாதர் வழக்கம்போல வரவில்லை. முழங்கால் வலியாம். அப்பாவின் அண்ணன், கலியாணம் கட்டாதவர், எங்கள் பேஸ்மென்டில் இருக்கிறார். அம்மா சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுப்பதைக் கீழே கொண்டுபோய்ச் சாப்பிடுவார். வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் திருத்துவார்.

செப்டெம்பர் 25, புதன்

திங்கட்கிழமை வகுப்பில் கௌரவ நீதிமன்றங்கள். போர் முடிந்து அகதி முகாம்களில் இருந்த யூதர்கள், தங்களுக்குள் எதிரிக்கு உதவியவர்களைத் தாங்களே விசாரித்தார்கள். சிறை இல்லை, தூக்கு இல்லை. "இவர் எம்மவர் அல்லர்" என்று ஒரு தீர்ப்பு, அவ்வளவுதான். அந்த வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

இன்று சட்ட வகுப்பில் ஒரு பழைய வழக்கு. பயணிகள் கூட்டத்தைக் கொள்ளையர் மறித்து, ஒருத்தரைத் தா, இல்லாவிட்டால் எல்லோரையும் கொல்வோம் என்கிறார்கள். சட்டப்படி, எல்லோரும் சாகவேண்டும், ஆளைக் கொடுக்கக்கூடாது. ஆனால் அவர்களே பெயர் சொல்லிக் கேட்டால்? அங்கேதான் வாதம் தொடங்குகிறது.

வாய்மொழி வரலாறு எடுக்கிற பேராசிரியர் நயோமி என்னை நிறுத்திச் சொன்னார்: "உன்னிடம் தமிழ் இருக்கிறது. எங்களில் ஒருத்தரிடமும் அது இல்லை." வாய்மொழி வரலாற்றுக்கு ஒரு நேர்காணல் செய்யவேண்டும். அதை என் கடைசி வருட ஆய்வோடு சேர்க்கலாமாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மாவைக் கேட்டேன். மாமாவைப் பற்றி ஒரு மணித்தியாலம், ரெக்கோடரில். "அவன் வரட்டும், அவனைக் கேள்" என்றார். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவேயில்லை.

பெரியப்பாவைக் கேட்கலாம். அந்தக் காலம் முழுக்க ஊரில் இருந்தவர்.

அக்டோபர் 19, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும்.

காலையில் கீழே போனேன். சம்மதப் படிவத்தைத் தமிழில் சொல்லி விளங்கப்படுத்தினேன். பெயர் வராது, நவம்பர் பதினைந்துக்கு முதல் வேண்டாமென்றால் அழித்துவிடுவோம். கையெழுத்து வைத்தார். "கேள் பிள்ளை. இவ்வளவு வருசத்தில ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். பேச விடு, குறுக்கிடாதே, மௌனத்தை நிரப்பாதே – வகுப்பில் சொல்லித் தந்தது. நானும் மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்துக்குள் அவர் விழுந்தார்.

"மூண்டு கிழமை ஆமிக் காம்பில வைச்சிருந்தவங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை சாக்கை முகத்தில போட்டாங்கள். ரெண்டு ஓட்டை. ஜீப்பில இருத்தினாங்கள். சனம் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில, வரிசையில. வாறவன் போறவனைப் பார்த்து ஆட்டவேணும். ஆட்டாட்டி உன்னை எண்டாங்கள்."

தலையாட்டி. முகமூடிக்குள் இருந்து தலையை ஆட்டிக் காட்டிக்கொடுப்பவன். சின்ன வயதில் சோறு தின்னாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வெருட்டுவார்கள். எனக்கு முன்னால் அது என் பெரியப்பாவாக இருந்தது.

"எத்தினை பேர் பெரியப்பா?"

"ஏழு."

புதன்கிழமை வழக்கு ஞாபகம் வந்தது. கேட்டேன்: "ஆமி ஆரின்ரயாவது பேரைச் சொல்லிக் கேட்டதோ?"

"இல்லைப் பிள்ளை. பேர் சொல்லேல்லை. நான்தான் தெரிஞ்செடுத்தனான்."

என் ஆய்வுக்கு எவ்வளவு நல்ல விடை! – இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதுதான் தோன்றியது.

அக்டோபர் 27, ஞாயிறு

ஒலிப்பதிவை எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தோராவது நிமிடம்: "தொண்ணூற்றாறு செப்டெம்பர், ஒரு சனிக்கிழமை." ஃபோனில் நாட்காட்டியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். செப்டெம்பர் 21, 1996, மாமாவைக் கொண்டுபோன நாள். சனி.

ஐயோ.

அக்டோபர் 28, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. அம்மா வேலைக்குப் போனதும் கீழே இறங்கினேன். ரெக்கோடரையும் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன்?

"கிளிபோட் மாமாவும் அந்த ஏழில ஒராளோ?"

அவர் மறைக்கவில்லை. "வரிசை வந்து உன்ர கொப்பரில நிண்டிச்சுது. நான் ஆட்டேல்லை. பின்னால இருந்தவன் துவக்குப் பிடியால முதுகில இடிச்சான். கொப்பருக்குப் பக்கத்தில நிண்டது கிளிபோட். ஆட்டினன். முகத்தைப் பார்க்கேல்லை எண்டு உனக்குச் சொல்லலாம். பார்த்தனான்."

அப்பா உயிரோடு இருப்பது அதனால். நான் இருப்பதும் அதனால்.

அக்டோபர் 30, புதன்

அப்பா மிசிசாகாவில், விமான நிலையத்தில், சரக்கு ஏற்றுகிற காகோ பிரிவில் வேலை. இன்று வேலைக்குப் போகும் வழியில் என்னை வளாகத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். காரில் வைத்துக் கேட்டேன்.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. சாக்குக்குள்ள இருந்த கண்ணை எனக்குத் தெரியாதே? சின்னனில ஒரே பாயில படுத்தனாங்கள்."

"தெரிஞ்சுகொண்டுதான் அம்மாவைக் கட்டினீங்களோ?"

"அவளுக்கு ஒருத்தரும் இருக்கேல்லை."

"அது மறுமொழி இல்லை அப்பா."

"என்னட்ட உதுதான் இருக்கு." நான் இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டுபேரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பெரியப்பா படியேறி என் அறை வாசலில் வந்து நின்றார். இதுவரை ஒருநாளும் வந்ததில்லை.

"பிள்ளை, உதை அழிச்சுவிடு. கொம்மாவுக்கு எப்பிடியும் போய்ச் சேரும். நான் செத்தாப்பிறகு என்னெண்டாலும் செய்."

நான் என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன்: "எழுத்தில தரவேணும் பெரியப்பா. வாயால சொன்னால் எடுக்கமாட்டினம்."

பொய். படிவத்தில் அப்படி எதுவும் இல்லை.

நவம்பர் 13, புதன்

கடிதம் தந்தார். கோடு போட்ட தாளில், தமிழில், நான்கு வரி. "தயவுசெய்து" என்று மூன்று இடத்தில். மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டும், இரண்டு மூன்று நாள் செல்லும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் யார்? நான்தான். "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்" என்றுவிட்டுப் போனார்.

நவம்பர் 16, சனி

நேற்று பதினைந்து. கடிதம் என் இத்திஷ் அகராதிக்குள் இருக்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன்: "பிந்திப்போச்சு பெரியப்பா." அவர் கோபப்படவில்லை. "உன்னில பிழையில்லைப் பிள்ளை" என்றார். அடித்திருக்கலாம்.

ஏழு பேரைக் கொடுத்தவருக்குக் கடிதம் எழுத என்ன உரிமை? – இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் கேட்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

என் ஆய்வை வகுப்பில் வாசித்தேன். வரலாறு, சட்டம், சாட்சியம் மூன்றையும் சேர்த்து இருபது நிமிடம். முடிந்ததும் பேராசிரியர் நயோமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதுகலைக்குத் தானே பரிந்துரைக் கடிதம் எழுதுவாராம். "அவருக்கு இதில் சம்மதம்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

வெளியே போகும்போது ஈலை என்ற யூதப் பெடியன் வந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன். அவனுடைய பூட்டனார் அப்படியொரு கௌரவ நீதிமன்றத்தில் நின்றவராம். "குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகும் ஒருத்தரும் எங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை" என்றான். "உன்னுடைய ஆள் யாரோடு சாப்பிடுகிறார்?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு சப்வேக்கு இறங்கினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மாவுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினேன்.

உண்மை அவருக்குச் சொந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மற்றப் பாதி – தீர்ப்பு எப்படி வரும் என்று பார்க்க ஆசை. ஓம், ஆசை.

பூசையால் வந்து சீலை மாற்றாமலே கட்டிலில் இருந்து கேட்டார். முதல் பதிவு, பிறகு இரண்டாவது. அப்பாவைப் பற்றி வந்த இடத்தில் கண்ணை மூடினார். முடிந்ததும் தம்பியைப் பற்றி ஒரேயொரு கேள்வி: "அவன் அழுதவனோ?"

"அது நான் கேக்கேல்லை அம்மா."

"அதைக் கேக்கேல்லையோ?" என்றார். என்னை ஒரு வேலைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்ப என்னத்தைத்தான் கேட்டனீ?"

டிசம்பர் 9, திங்கள்

சத்தம் வரும், பொருட்கள் பறக்கும் என்று நினைத்திருந்தேன். பின்னேரம் அம்மா குளித்து, மீன்குழம்பு வைத்து, மேசையில் நான்கு கோப்பை வைத்தார். பேஸ்மென்ட் கதவைத் திறந்து கூப்பிட்டார்: "அத்தான், மேல வந்து சாப்பிடுங்கோ."

பெரியப்பா வந்தார். அம்மா அவரைத் தனக்கு நேர் எதிரே இருத்தினார். சோறு போட்டார், குழம்பு விட்டார். அவர் முதல் பிடியை வாயில் வைக்கும்வரை பார்த்திருந்து கேட்டார்: "அவன் அழுதவனோ?"

அப்பா எழும்பப் பார்த்தார். "இருங்கோ" என்றார் அம்மா. அப்பா இருந்தார்.

பெரியப்பா விழுங்கினார். "இல்லை. திரும்பி ஜூலியஸைப் பார்த்தவன்." அப்பாவைத்தான் சொன்னார்.

அம்மா தலையை அசைத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

2025 ஜனவரி 14, செவ்வாய்

அம்மா பெரியப்பாவை மேசைக்குக் கூப்பிடுவது ஒருநாளும் தவறவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. என்ன சேட்டுப் போட்டிருந்தான். செருப்பு இருந்ததோ. கையைப் பின்னால் கட்டினார்களோ, முன்னாலோ. பசியோடு போனானோ. குரலை உயர்த்துவதில்லை. கேட்டுவிட்டு மௌனமாக இருப்பார். நான் நான்கு வருடம் படித்துப் பழகிய மௌனம் அம்மாவுக்கு அப்படியே வருகிறது.

மெலிந்துபோன பெரியப்பாவின் சேட்டு தோளில் தொங்குகிறது. இன்று கழுவுமிடத்தில் என் கையைப் பிடித்தார். "என்னைப் போகச் சொல்லட்டும் பிள்ளை. ரோட்டில எண்டாலும் படுப்பன். கொம்மாவிட்டச் சொல்லு."

சொன்னேன். அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க போறது? என்ர தம்பியைக் கடைசியாப் பார்த்த கண் அது. அது இந்த வீட்டில இருக்கவேணும்."

பிப்ரவரி 23, ஞாயிறு

முதுகலை இடம் கிடைத்துவிட்டது, புலமைப்பரிசிலோடு. மேசையில் சொன்னேன். பெரியப்பா மட்டும் "சந்தோசம் பிள்ளை" என்றார்.

அப்பா நான்கு நாளாக வீட்டில் இல்லை. பிக்கரிங்கில் நீக்கிலாப்பிள்ளை அங்கிள் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். அவர் அப்பாவோடு வேலை செய்கிறவர். போகும்போது அப்பா அம்மாவிடம் சொன்னது இதுதான்: "என்னட்ட நீர் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. அதுதான் என்னால ஏலாமக் கிடக்கு." அம்மா தடுக்கவில்லை. அவருடைய குளிர் ஜக்கெற்றை எடுத்துக் கொடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைய கேள்வி மாமாவைப் பற்றியதல்ல.

"அத்தான், இவள் உங்களிட்டக் கேட்டு எடுத்ததை, அழிக்கச் சொல்லி நீங்கள் கேக்கேல்லையோ?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். காப்பாற்றத்தான் பார்த்தார், எனக்குத் தெரியும். அம்மா காத்திருந்தார். அந்த மௌனத்தைப் பெரியப்பாவால் தாங்க முடியாது.

"கடிதம் குடுத்தனான். நவம்பர் பதினைஞ்சுக்கு முதல் வேணுமாம். பிந்திப்போச்சு."

"எந்தத் தேதி குடுத்தனீங்கள்?"

"பதின்மூண்டு."

அம்மா என் பக்கம் திரும்பினார். நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மா சொதிச் சட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடைசிக் கட்டுரையையும் கொடுத்துவிட்டேன். சோதனை முடியும்வரை இரண்டு கிழமை தோழி அறையில் தங்கிவிட்டு இன்று வீட்டுக்கு வந்தேன். வீடு துப்புரவாக இருந்தது. நண்டு மணத்தது. அம்மா மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவு. பெரியப்பா புதுச் சேட்டோடு மேசையில் முதலே வந்து இருந்தார், கூப்பிடாமலே.

மேசையில் இரண்டு கோப்பை.

மூன்றாவதை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிச் சோறும் நண்டும் போட்டு நிறைத்து, திரும்பவும் என் கையில் தந்தார். பேஸ்மென்ட் கதவைத் திறந்து பிடித்தார்.

"நீ கீழ கொண்டுபோய்ச் சாப்பிடு பிள்ளை."

கோபம் இல்லை. "பிள்ளை" என்றுதான் சொன்னார்.

பெரியப்பாவின் கட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன். மேலே கதிரை இழுபடுகிறது. அம்மாவின் குரல் கேட்கிறது – ஏதோ கேட்கிறார். என்ன கேள்வி என்று இங்கே விளங்கவில்லை. காதைக் கூரைப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மறுமொழியும் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சாப்பிடுகிற சத்தம் மட்டும் வந்தது.

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.