பட்டம்மாளின் லீவு

மே 6

சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டிலிருந்து கொட்டிய கரியை அள்ளி அள்ளித் தோள்பட்டை கழன்றுவிட்டது. கூட அள்ளும் பட்டம்மாளுக்குக் காய்ச்சல் விடவில்லை. துப்பினால் கரிச்சளி. "என்னாடி, நெஞ்சுக்குள்ள தனியா ஒரு மைன்ஸ் தோண்டிக்கினு இருக்கியா?" என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

லீவு பர்மனென்ட் ஆட்களுக்கு. நாங்கள் கான்ட்ராக்ட். சேர்ந்தாற்போலச் சில நாள் வராவிட்டால் கேட் பாஸைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மே 8

பாஸைக் காட்டி உள்ளே வந்து, மோட்டார் ரூமுக்குப் பின்னால் சாக்கில் படுத்துக்கொள்கிறாள். அவள் பங்கையும் நாங்களே அள்ளுகிறோம். யாருக்கு முடியாவிட்டாலும் எங்கள் கேங்கில் இதுதான் மெடிக்கல் லீவு.

சூப்பர்வைசர் குமரவேல் வந்தான். "சாமியம்மா, பட்டம்மா எங்க?"

"கக்கூஸ் போயிருக்குதுங்க சார்."

"காலையிலேர்ந்தா?"

"கேன்டீன் சாம்பாரு அப்பிடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் பல்லைக் காட்டினான். நான் மோட்டார் ரூம் பக்கம் திரும்பாமல் அள்ளினேன்.

மே 9

எழுத வரல.

பாத்துட்டான். தூங்கிக்கினு இருந்தவள பூட்ஸ் காலால வயித்துலயே உதைச்சான். முடியப் புடிச்சு கரி மேல தரதரன்னு இழுத்தான். "படுக்க வந்தியா, வேலைக்கு வந்தியாடீ?" அவ கையெடுத்துக் கும்பிடுறா. வாயெல்லாம் ரத்தம். கும்பிட்ட கைய மிதிச்சான்.

என் கையில மம்முட்டி. காம்பைத் திருப்பி ஒரே வீச்சு. அவன் மணிக்கட்டு முறிஞ்ச சத்தம் பெல்ட்டு இரைச்சலை மீறிக் கேட்டுச்சு. விழுந்தான். முழங்கால்ல ஒண்ணு. மறுபடி ஒண்ணு. எங்க கேங்குப் பொண்ணு தமிழ்மொழி வந்து என் இடுப்பைக் கட்டிப் புடிக்காட்டி கொன்னுருப்பேனா?

கொன்னுதான் இருப்பேன்.

மே 10

ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கூட்டிப்போக என் வீட்டுக்காரர் சின்னதுரை வந்தார். "வூட்டுல என்னை வெச்சு பழகிக்கினியா?" என்றார். "ஒனக்கெல்லாம் மம்முட்டி வேணுமா, தொடப்பம் போதாது?" என்றேன். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டது.

பயமில்லை. பட்டம்மாள் நடந்ததைச் சொல்லிவிட்டால் போதும். கேஸ் நிற்காது.

மே 13

சொல்லிவிட்டாள். குமரவேல் அவளைத் தொடவே இல்லையாம். அவளாக வழுக்கி விழுந்தாளாம். எனக்குத்தான் வெறி பிடித்துவிட்டதாம். கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

கேஸ் என் மேல். என் பாஸ் போய்விட்டது. அவளுக்கு உடம்பு தேறும்வரை சம்பளத்தோடு லீவு. கான்ட்ராக்டரே கொடுத்தாராம். எங்கள் கேங்கில் லீவு வாங்கிய முதல் ஆள்!

மே 14

சோறு எறங்கல. அவன் இழுத்த அதே முடியப் புடிச்சு நானும் இழுக்கணும்.

மே 16

அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. பட்டப்பகலில் ஃபேனுக்குக் கீழே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கரி உரசிய காயம் பொருக்குக் கட்டியிருந்தது. கையை ஓங்கிக்கொண்டு, "ஏய் பட்டம்மா!" என்று கத்தினேன்.

தூக்கிப் போட்டாற்போல எழுந்தாள். கண் சரியாகத் திறக்கவில்லை. சுவரோரம் தடவி மண்வெட்டியைத் தேடினாள். "படுக்கல சார், படுக்கல... தோ வந்துட்டேன் சார்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே அவள் தோளை அழுத்திப் பாயில் சாய்த்தேன்.

"படுடீ. லீவுல இருக்க."