தட்டிப் பார்த்த இரும்பு

மச்சான்,

கிளட்ச் கருகிய வாசனை மறுபடியும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. முடி பொசுங்கின மாதிரி இருக்கும், அதில் சூடான இரும்பும் கொஞ்சம் கலந்திருக்கும். உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இந்த வாரம் ஒருநாள் காலையில் தறிக்கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தேன். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வாசனை வந்து நின்றது. ஒரு நொடி நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். உங்கள் சிவப்பு காரிலிருந்து இறங்கியது உங்கள் தங்கை.

"களம்பூர் ரைஸ் மில்லு களத்துல நாலு தடவ இழுத்துப் பாத்தேங்க. சும்மா பிச்சிகினு போவுது வண்டி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வாசனை வாசலை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், மச்சான். அதே பழைய விமான ஓடுதளம்தான். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் நானூறு மீட்டர் நேராகச் சீறிப் போகும், முடிந்தது கதை. தினமும் மளிகைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போகிற கார்கள், கையால் கியர் போடுகிற கார்கள், அவற்றுக்கென்று ஒரு பிரிவு. போன வருஷம் அதற்குத்தான் நீங்கள் வண்டியைத் தயார் செய்தீர்கள். எல்லாம் முடித்துப் பானெட்டை மூடிய வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றவன். கிளட்ச் பிளேட் கேட்டு வந்தீர்கள், பேச்சு வளர்ந்தது, கடைசியில் தங்கையையே கொடுத்தீர்கள். "பிளேட்டு வாங்கப் போனேன், அதவிட மலிவா மாப்ள கெடச்சான்" என்று ஆரணி முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று என் கலசப்பாக்கத்துச் சொந்தக்காரர்கள் ஜாடையாகப் பேசியபோது எனக்கு ரோஷமே வரவில்லை. சாயங்காலம் தறி நின்றதும் கொட்டகைக்குப் பின்னால் காருக்கடியில் படுக்க ஒரு இடமும், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தால் திட்டுவதற்கு ஒரு மச்சானும் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

பின் சீட்டைக் கழற்றினோம். ஸ்டெப்னியை இறக்கி வைத்தோம். இன்ஜின் ஆடாமல் இருக்க அதன் ரப்பர் தாங்கிகளை மாற்றினோம். கிளட்சுக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட்ட பிறகு, பெடலை மிதிக்கத் தொடையே வலிக்கும். "ஒண்ணுலேர்ந்து ரெண்டாவது கியரு. அங்கதான் மாப்ள பந்தயமே" என்பீர்கள். அந்த இடத்துக்காகவே கியர் ஆயிலை எத்தனை தடவை மாற்றினோம்! எந்த போல்ட்டை முறுக்கி முடித்தாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுப்பீர்கள். போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தங்கையின் நெயில் பாலிஷ். "என் நகத்துக்கு இல்லாம பூராத்தையும் காருக்கே பூசிட்டியா?" என்று அவள் கத்துவாள். நீங்கள் அவள் உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பீர்கள்.

ஆமாம், உதட்டைப் பார்த்துத்தான். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவீர்கள் என்பதைக் கல்யாணமான புதிதில் நான் வினோதமாகப் பார்த்தேன். விசைத்தறி ஓடுகிற கொட்டகைக்குள்ளேயே தொட்டில் கட்டி வளர்ந்த அண்ணனும் தங்கையும். அந்தச் சடக்கு சடக்குக்கு நடுவே காதை நம்பி யார் பேச முடியும்? நீங்கள் கியர் மாற்றுவதும் சத்தத்தை வைத்து இல்லை. கியர் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்திருப்பீர்கள், அதில் வரும் அதிர்வைக் கொண்டு மாற்றுவீர்கள். "காது பொய் சொல்லும் மாப்ள. கை சொல்லாது." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நானும் பெரிய தத்துவம் போலத் தலையாட்டியிருக்கிறேன்.

ஃப்ளைவீலைச் செதுக்கிய விஷயம் அப்படித்தான் நடந்தது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சுற்றுகிற கனத்த வார்ப்பிரும்புத் தட்டு அது. அதன் முகத்தில்தான் கிளட்ச் ஒட்டும், விலகும். கனத்தைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று சீறும் என்று, தறிச் சாமான் கடைகிற லேத்தில் கொடுத்து ஓரத்தைச் சீவி வாங்கி வந்தீர்கள். அறுப்புக்காக நான் ஊருக்குப் போயிருந்த சமயம். செதுக்கிய இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டுவார்கள். முழுசாக இருந்தால் நீளமாக ஒலிக்கும். விரிந்திருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதும் இதற்குத்தானே? "தட்டிப் பாத்தேன் மாப்ள, கோயில் மணியாட்டம் இருக்குது" என்று போனில் சொன்னீர்கள். அதற்குப் பிறகும், நான் கடையில் இருந்த பகல்களில், கிளட்சை இறக்குகிற போதெல்லாம் தட்டிப் பார்த்துத்தான் பூட்டினீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னாள்.

வாசனை வந்த அன்று பெட்ரோல் போட நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றினதும் கிளட்ச் பெடல் என் பாதத்தில் நடுங்கியது. இன்னும் ஏற்றினால் நடுக்கம் நின்றுவிடுகிறது, இறக்கினால் மறுபடி வருகிறது. பெடலுக்கு அடியில் எதுவோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

"அது அண்ணன் இருக்கச்சொல்லவே அப்டித்தாங்க" என்றாள்.

"எதுக்கும் கியர்பாக்ஸ இறக்கி ஒரு தடவ பாத்துடலாம்."

அவள் முகம் மாறிவிட்டது. "வோணாம். தறியில ஏத்தின பாவு நூல நெய்து முடிப்பாங்களா, பாதியில அறுப்பாங்களா? அண்ணன் பூட்டினது பூட்டினபடியே ஒரு தடவ ஓடட்டும். அப்பறம் நீங்க இன்னா வோணாலும் பண்ணிக்கோங்க."

நீங்கள் போனபோது உங்கள் தறியில் பாதி நெய்த சேலை ஒன்று நின்றது. கண்ணீரோடு உட்கார்ந்து அவள்தான் அதை முடித்தாள். அதே கணக்கில்தான் இந்தக் காரையும் வைத்திருக்கிறாள். ஆயில் மாற்றுவாள், டயருக்குக் காற்று பிடிப்பாள். ஆனால் நீங்கள் கோடு இழுத்த ஒரு போல்ட்டையும் இந்த ஒரு வருஷத்தில் யாரும் தொடவில்லை. நம் வீட்டில் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கும்போது, இன்ஜின் முழு வேகத்தில் இருக்கையில் அந்தத் தட்டு உடைந்தால் துண்டுகள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு நேரே ஓட்டுகிறவளின் காலுக்குத்தான் வரும் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். "அண்ணன் வேலைய சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் அவள் சேலைகளை எடுத்துக்கொண்டு வந்தவாசிக்கு பஸ் ஏறினாள். வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டு வெகுநேரம் அப்படியே படுத்திருந்தேன் மச்சான். உங்கள் கோடு கொஞ்சமும் முறியாமல் இருந்தது. உங்கள் கை கடைசியாக வந்துபோன இடம் அது. திருகினேன், கோடு சின்னச் சத்தத்தோடு உரிந்து என் கன்னத்தில் விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திருகினேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கியர்பாக்ஸ் இறங்கியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஃப்ளைவீலின் முகமெங்கும் சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள். நடுவிலிருந்த போல்ட் துளை ஒன்றிலிருந்து ஓரத்தை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு. கீறலாக இருக்கலாம் என்றுதான் வேண்டிக்கொண்டேன். நீங்கள் தொங்கவிட்ட அதே உத்தரத்துக் கொக்கியில், அதே கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன்.

டொப் என்றது.

இன்னொரு தடவை தட்டினேன். டொப். சாக்கில் சுற்றி பெஞ்சுக்கடியில் நீங்கள் போட்டு வைத்திருந்த பழைய ஃப்ளைவீலை, செதுக்காத கனத்த தட்டை, எடுத்துத் தொங்கவிட்டுத் தட்டினேன். ணங்ங் என்று கொட்டகை முழுக்கச் சுற்றி வந்தது.

சாயங்காலம் அவள் வந்தபோது கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது. பையைக் கீழே வைக்கவில்லை. "இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க? இப்ப உங்களுக்குத் திருப்தியா?" என்றாள். நான் உங்கள் தட்டைத் தட்டிக் காட்டினேன்.

"நல்லாத்தான இருக்குது?"

பழையதைத் தட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். எதுக்குங்க இந்த நாடகம்? நான் ஓட்டக் கூடாதுன்னா ஓட்டாதன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. நீங்கள் தட்டிப் பார்த்தது நிஜம். கோயில் மணியாகக் கேட்டதும் நிஜம். உங்கள் இருவர் காதிலிருந்தும் அந்த மெல்லிய ஒலியைத் தறி எப்போதோ தின்றுவிட்டது; நல்ல இரும்பும் விரிந்த இரும்பும் உங்களுக்கு ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும். லேத்திலிருந்து வந்த அன்றே விரிசல் இருந்ததா, பிறகு விழுந்ததா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் தட்டினீர்கள், ஒவ்வொரு முறையும் நல்லது என்று பூட்டினீர்கள். காது பொய் சொல்லும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், அந்த ஒரு வேலைக்கு மட்டும் காதை நம்பினீர்களே மச்சான்.

அவள் கையைப் பிடித்து, விரல் நுனிகளைப் பழைய தட்டின் ஓரத்தில் வைத்தேன். தட்டினேன். அவள் விரலை எடுக்கவில்லை. இரும்பு நடுங்கி நடுங்கி அடங்குவதை அவள் முகத்திலேயே பார்க்கலாம். பிறகு உங்கள் தட்டில் வைத்தேன், தட்டினேன். அவள் காத்திருந்தாள். அங்கே ஒன்றுமே வரவில்லை. "இன்னொரு தடவ" என்றாள். தட்டினேன். "இன்னொரு தடவ."

கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்த கால்கிட்ட வெச்சிகினா அண்ணன் ஓட்டிகினு இருந்துச்சி?" என்றாள். பிறகு, "காய்ச்சல் வர்லன்னா அந்தப் பந்தயத்துக்குப் போயிருக்கும்ல?" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காய்ச்சலோ இந்தத் தட்டோ, எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்த வருஷம் உங்களை விட்டிருக்காது போலிருந்தது.

பந்தயம் வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். உங்கள் தங்கையாயிற்றே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழசப் பூட்டுங்க. வண்டி கொஞ்சம் மந்தமாப் போனாலும் பரவால்ல" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "இனிமே எதுவானாலும் நீங்கதான் கேக்கணும். உங்க காத நம்பித்தான் ஏறி உக்கார்றேன்" என்றாள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு கடையை விட்டுவிட்டு உங்கள் தறிகளை நான்தானே பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே கொட்டகை. கொஞ்ச மாதங்களாக, தறி நின்ற பிறகும் என் காதுக்குள் கீ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தூங்கினால் சரியாகும் என்று விட்டுவிட்டேன். இன்று மதியம், அவள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தபோது, பூட்டுவதற்கு முன்னால் பழைய தட்டை இன்னொரு தடவை தொங்கவிட்டுத் தட்டினேன். கரண்ட் இல்லை, தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஒலித்தது. ஆனால் எங்கே முடிந்தது, எங்கே என் காதுக்குள் இருக்கும் கீ ஆரம்பித்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது மச்சான்.

அதனால் நீங்கள் சொன்னதையே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்துத் தட்டினேன். கையில் வந்தது. நீளமாக வந்தது. வந்தது என்றுதான் நினைக்கிறேன். பூட்டி, முறுக்கி முடித்ததும் அவளே வந்து காருக்கடியில் என் பக்கத்தில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் நெயில் பாலிஷ் கோடு இழுத்தாள். உங்கள் கோட்டைவிட நேராக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தட்டு உத்தரத்துக் கொக்கியிலேயே தொங்குகிறது, இறக்க மனம் வரவில்லை. அதைத் தட்டிய ஸ்பேனர் என் சட்டைப் பையில் இருக்கிறது.

நாளைக்கு ஓடுதளத்தில் வண்டிகள் கோட்டுக்கு வந்து நிற்கும். இன்ஜின்கள் ஏறும்போது அங்கே நிற்கிற அத்தனை பேரும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவள் கண்ணாடி வழியாக ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பொத்திக்கொள்ள மாட்டேன் மச்சான். அவள் போய்ச் சேருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நிற்பேன்.