நாலடிப் பலகைக்கு ஒரு ரயில்

ஏனுங்க,

முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு? அங்கே எத்தனை பேர் கூடியிருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், என் ராசா.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பலகையில் ரயில் ஓடியது. தடம் புரளவில்லை, எதிலும் இடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன் சிலரைத் திட்ட வேண்டியிருக்கிறது. உங்களையும் சேர்த்துத்தான்.

அங்கே உங்கள் பக்கத்தில் நின்று இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டர். முன்னறை ஜன்னலோரம், நாலடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை போட்டு, அதில் ஒரு சின்ன மின்சார ரயில் பாதை கட்டினார். ஒரு வட்டப் பாதை, ஒரு கிளைப் பாதை, ஒரு ஸ்டேஷன். பாதையோரத்து மின்கம்பங்கள் எல்லாம் தேய்ந்துபோன நிட்டிங் ஊசிகள். ஊசியின் கொக்கியில் மயிரிழைச் செம்புக் கம்பி ஓடும். எல்லாம் இருந்தது. ஓடுவதற்கு ரயில்தான் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானே நூல் ஏஜென்ட் சபேசனைக் கூட்டி வந்தீர்கள்? மாடி முழுக்க ரயில் பாதை போட்டிருக்கும் பெரிய மனுசன், ஒரு யோசனை சொல்வார் என்று. அவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. பலகையைப் பார்த்தார். “ஏனுங்க தங்கராசு, இது ரயில்வேங்களா, தோசைக்கல்லுங்களா?” என்றார். பன்னிரண்டு பெட்டி இழுக்காத இஞ்சின் இஞ்சினே இல்லை, மற்றதெல்லாம் குழந்தைகளுக்கு வாங்கித் தருவது என்றார். என் கையிலிருந்து காபியை வாங்கியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் சொன்னது எடுபட்ட திருப்தியில் நிதானமாக ஆற்றிக் குடித்தார்.

ஏனென்றால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தோசைக்கல் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி, நேராக இருந்த ஒரு ஊசியைத் திரும்ப நேராக்கினீர்கள். அவரை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ அதற்கு மேல் அந்த நாளைய என்னை நினைக்கிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? அடுத்த மாதமே அவர் சொன்ன நீள இஞ்சினை வாங்கி வந்தீர்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம், இந்தப் பக்கம் ஆறு சக்கரம், அந்தப் பக்கம் ஆறு சக்கரம். வளைவுக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நின்றது. உடனே என்ன செய்தீர்கள், நினைவிருக்கிறதா? நீங்களே செதுக்கிய பிளாட்பாரத்தின் ஓரத்தை அரம் போட்டு ராவினீர்கள். ஓடும் மெஷினில் ஒரு ஊசி வளைந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற ஆள், எவனோ சொன்னதற்காகத் தன் ஸ்டேஷனைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். அப்போதும் அது தடம் புரண்டது. மறுபடி ராவினீர்கள். அந்த வாரத்தில்தான் கம்பெனியில் டீ குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். இஞ்சினுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, சபேசன் வந்தார். துக்கம் கேட்டதுபோல் கேட்டுவிட்டுப் பார்வையைப் பலகைக்குக் கொண்டு போனார்.

“அம்மிணி, இந்த வளைவுல எதும் ஓடாதுங்க. இஞ்சின நான் எடுத்துக்கறனுங்க, அங்க என்ற மாடில இருந்தா நாலு பேரு பாப்பாங்க. பலகையக் கழட்டிப் போட்டுப் போடுங்க. எடமாச்சும் மிச்சமாகும்.”

பெட்டியோடு இஞ்சினை எடுத்து அவர் மடியில் வைத்தேன். “தாராளமா எடுத்துக்கோங்க. இந்த ஊட்டுல அதுக்கு வேலையில்லீங்க” என்றேன். அவருக்குச் சந்தோஷம். என் குரலில் இருந்ததைப் புரிந்துகொள்ள அந்த ஆளுக்கு அறிவு போதாது.

அதற்குப் பிறகுதான் ரயில் தேட ஆரம்பித்தேன். கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். பலகை அளவைச் சொன்னதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேரனுக்குங்களா?” என்றார். எனக்குத்தான் என்றேன். அதன் பிறகு அவர் எடுத்துக் காட்டியதெல்லாம் நீளம், இன்னும் நீளம். எதன் மேலும் அளவு எழுதவில்லை. கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அளவு தெரியாமல் பொருள் விற்கிறவனை நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் வாசலோடு அனுப்பிவிடுவோம்.

மறுநாள் கம்பெனியில், தைத்து வந்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் இதைப் புலம்பினேன். எதிரே உட்கார்ந்து சட்டைகளைப் புரட்டும் ஹாஜிராவை உங்களுக்குத் தெரியுமே. அவள் தலை நிமிராமல் சொன்னாள்: “ஏனுங்கக்கா, ஒடம்புக்குத்தான சட்டை? நீங்க சட்டைக்கு ஒடம்பு தேடிட்டுத் திரியறீங்க.”

எனக்கு அங்கேயே வெட்கமாகிப் போனது. இருபத்திரண்டு வருஷமாக இஞ்ச் டேப்போடு வாழ்கிறவள், உங்கள் பலகையின் வளைவை ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே அளந்தேன். வளைவின் ஆரம் ஒன்பது அங்குலம். பிளாட்பாரம் பன்னிரண்டு அங்குலம். துணி வெட்ட அளவு வைக்கும் பேட்டர்ன் அட்டையில் ரயில் பெட்டி மாதிரி நான்கு துண்டுகள் வெட்டினேன்: பத்து, எட்டு, ஆறு, ஐந்து அங்குல நீளத்தில். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குண்டூசி குத்தி, ஊசி முனைகளைப் பாதையின் நடுவில் வைத்து வளைவில் தள்ளிக்கொண்டே போனேன். பத்தின் வயிறு உள்ளே சரிந்து பிளாட்பாரத்தில் மோதியது. எட்டின் மூலைகள் வெளியே போய் மின்கம்பத்தைச் சாய்த்தன. ஆறு, ஒரே ஒரு ஊசிக் கம்பத்தை உரசியது. ஐந்து எதையும் தொடாமல் சுற்றி வந்தது. இவ்வளவுதான் விஷயம். ஒரு அட்டை, இரண்டு குண்டூசி. மாடி முழுக்கத் தண்டவாளம் போட்ட மேதைக்கு இது தோன்றவில்லை.

ஐந்து அங்குலத்துக்குள் என்னென்ன உண்டு என்று ஹாஜிராவும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் தேடினோம். யார்டில் பெட்டிகளைத் தள்ளும் நாலு சக்கரக் குட்டி இஞ்சின் ஒன்று இருந்தது. அதைத் தனியாக விட்டால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலத் தெரிந்தது. வெளிநாட்டுத் தெருக்களில் ஓடும் டிராம் இருந்தது. உங்கள் ஸ்டேஷனுக்கு அது எதற்கு? கடைசியில் ஒன்று கிடைத்தது. ஐந்தைந்து அங்குலத்தில் இரண்டு பெட்டி, பெட்டிக்கு நாலு சக்கரம், கூரையில் கம்பியைத் தொடும் கை. தனி இஞ்சின் கிடையாது, ஒரு பெட்டியிலேயே மோட்டார். இரண்டும் சேர்ந்து பத்தரை அங்குலம். உங்கள் பிளாட்பாரத்தில் முழுசாக நிற்கும்.

வந்ததும் உடனே ஓடிவிட்டதா? இல்லை. கிளைப் பாதை பிரிகிற இடத்தில் ஒவ்வொரு சுற்றும் நின்றது. தண்டவாளத்திலிருந்து சக்கரம்தான் மின்சாரம் எடுக்கும்; அந்த இடத்தில் தண்டவாளம் பிளாஸ்டிக், மின்சாரம் இல்லை. நீள வண்டிக்கு வேறு சக்கரங்கள் கைகொடுக்கும். நாலே சக்கரம் எங்கே போகும்? இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் ஈயம் பத்தவைக்கும் கோலைச் சூடாக்கி, இரண்டு பெட்டிகளையும் மெல்லிய ஒயரால் இணைத்தேன். முன் பெட்டிக்குக் கிடைக்காத மின்சாரத்தைப் பின் பெட்டி கொடுத்தது. நிற்காமல் போனது. கட்டைவிரலில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபேசனை நானேதான் வரச் சொன்னேன். ஹாஜிராவும் வந்திருந்தாள். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது, வளைந்தது, ஊசிக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தாண்டியது, திரும்பி வந்து நின்றது. மறுபடி கிளம்பியது. எட்டாவது சுற்றில் சபேசன் பெட்டிகளை விரல் நீட்டி எண்ணினார். பிறகு, “ரெண்டே பெட்டிதானுங்களா?” என்றார்.

“ஆமாங்க. இதுக்கு இதுதான் அளவு.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து, கன்னம் பலகையில் படுமளவுக்குப் பார்த்தார். அப்புறம் கூச்சத்தோடு கேட்டார்: “நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா, அம்மிணி?”

கொடுத்தேன். கைக்கு வந்ததும் வேகம் கூட்டும் திருகியைக் கடைசி வரைக்கும் திருப்பினார். ரயில் வளைவில் பறந்தது. நான் அவர் விரல்களை விலக்கித் திருகியை வாங்கிக்கொண்டேன்.

“மெல்லப் போகோணுங்க. உள்ள ஆளு உக்காந்திருக்காங்க.”

ஹாஜிரா ரயிலின் ஜன்னலை எட்டிப் பார்த்தாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுவேன். யார் வந்து என்ன சொன்னாலும் மூன்றாவது பெட்டி சேர்க்க மாட்டேன். இது சத்தியம். நீங்கள் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊட்டுக்காரி சரோஜா