மொட்டை மாடியில் பாய் கட்டிய மதினிக்கு

என் உயிரான மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் தூத்துக்குடிக்குப் போய் உங்கள் படகைக் கடலில் இறக்கினோம். இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

சங்கரன்கோவிலில் உங்களை மருந்துக்கடை அம்மாவாகத்தான் எல்லோருக்கும் தெரியும். மேலநீலிதநல்லூரிலிருந்து வருகிறவர்கள்கூட, அண்ணன் கடையில் இருந்தாலும் நீங்கள் வரும்வரை காத்திருந்து மருந்து வாங்குவார்கள். வாரத்தில் ஆறு நாள் அந்தக் கடையில் நின்ற நீங்கள் ஏழாம் நாள் பாய்மரப் படகு ஓட்டினீர்கள் என்று நான் சொன்னால் இன்னும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

இளையரசனேந்தலின் மானாவாரிக் காட்டில் பிறந்த பெண்ணுக்குக் கடல் மேல் அப்படி என்ன ஆசை? ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது, கடற்கரையில் சிலர் படகோட்டக் கற்றுக்கொண்டிருந்ததை நின்று பார்த்தீர்கள். அடுத்த வாரமே அவர்களில் ஒருவராகிவிட்டீர்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டீர்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, நீச்சலும் அப்போதுதான் பழகினீர்கள். ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற பழைய ஃபைபர் படகு உங்கள் கைக்கு வந்தபோது, அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படகில் ஒரு குறை இருந்தது. காற்று கூடினால் பாயைச் சிறிதாக்க வழி இல்லை. முழுப் பாய் அல்லது பாயே இல்லை, இரண்டில் ஒன்றுதான். “இது சரிப்படாது கோமதி, பாயைச் சுருக்கக் கயிறு போடணும்” என்றீர்கள். பாயையும் அதன் அடியில் படுத்திருக்கும் நீளக் கழியையும் கார் மேல் கட்டி ஊருக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் பாயின் இரண்டு ஓரங்களிலும், கீழ்விளிம்புக்குச் சற்று மேலே, பித்தளை வளையங்கள் போட வைத்தீர்கள். பிறகு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு இரும்புக் குழாயைச் சேர்த்துக் கட்டி, அதில் பாயை ஏற்றினீர்கள்.

ஆடிக்காற்று. கேட்க வேண்டுமா? பாய் அடித்த அடியில் தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர் வீட்டு அண்ணாச்சி கீழே நின்று கத்தினார்: “ஏம்மா, வீட்டையே எங்கயாச்சும் ஓட்டிட்டுப் போகப் போறியா?”

“காத்து இப்பிடியே அடிச்சா குருவிகுளம் வரைக்கும் போயிரலாம் அண்ணாச்சி!”

எனக்குச் சிரிப்பு. உங்கள் கை மட்டும் வேலையை விடவில்லை. கழியின் பின்பக்கத்தில் கட்டிய கயிறு மேலே ஏறி, வளையத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கி, கழியோடு ஓடி முன்னால் வர வேண்டும். முன் வளையத்துக்கு இன்னொரு கயிறு. பாயைக் கொஞ்சம் இறக்கிவிட்டு இரண்டையும் இழுத்தால், கீழ்ப்பகுதி மடிந்து கழியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் இழுத்தபோது பாய் இறங்கியதே தவிர விறைப்பாக நிற்கவில்லை, தொப்பை போட்டது. அவிழ்த்தீர்கள். கட்டினீர்கள். மறுபடி அவிழ்த்தீர்கள். கயிறு கீழே மட்டும் இழுத்தால் போதாது, பின்னாலும் இழுக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, முடிச்சை வளையத்துக்குப் பின்னால் தள்ளிப் போட்டபோது பாய் பலகை மாதிரி நின்றது. அந்த நேரத்து உங்கள் முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“இம்புட்டுப் படகுக்கு எதுக்குட்டி இத்தனை கயிறு?” என்று படிக்கட்டில் நின்று அண்ணன் கேட்டார். நீங்கள் அடுத்த முடிச்சைப் போடத் தொடங்கியிருந்தீர்கள்.

அடுத்த வைகாசியில் ஒரு காலை. நாம் மூன்று பேரும் படகில் இருந்தோம். கரை சிறுத்துப் போகும் தூரம் வந்த பிறகு மேற்கே திடீரென்று கறுத்தது. கரைப்பக்கமிருந்து காற்று பாய்ந்து வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. அண்ணன் அலறினார்.

“பாயை இறக்குட்டி! முழுசா இறக்கு!”

“முழுசா இறக்கினா கரைக்கு எப்பிடிப் போவீய? காத்து நம்மள நடுக்கடலுக்குத் தள்ளிட்டுப் போயிரும்.”

“கவுந்துரும்!”

“கவுழாது. நீங்க அந்த ஓரத்துல உட்காருங்க. கோமதி, சுக்கானைப் பிடி. காத்துக்கு நேரா வை.”

குரலை உயர்த்தக்கூட இல்லை. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிற அதே குரல். பாயை ஏற்றும் கயிற்றைத் தளர்த்தினீர்கள், முன் கயிற்றையும் பின் கயிற்றையும் இழுத்தீர்கள், மறுபடி ஏற்றினீர்கள். சிறுத்த பாயோடு படகு நிமிர்ந்தது. எதிர்க்காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்துச் சாய்த்துக் கரைக்குக் கொண்டுவந்தீர்கள். மணலில் இறங்கியதும் அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் அவர் தலையைத் துவட்டிவிட்டு, “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டினீர்களா? இல்லையே. எனக்கு அந்தக் காற்றில் செய்த காரியத்தைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே போய்விட்டீர்கள் மதினி. ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்த உங்களுக்கு ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க எங்களுக்கு அவகாசம் இல்லை.

அண்ணன் அந்தப் படகின் பேச்சையே எடுக்கவிடவில்லை. யாருக்காவது கொடுத்துவிடு என்றார். கொடுப்பதற்கு முன்பு ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று கெஞ்சித்தான் கூட்டிப் போனேன். வெயிலில் கயிறுகள் இற்றுப் போயிருந்தன. புதுக் கயிறு வாங்கி நானே கோத்தேன். அண்ணன் தள்ளி நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

“கோமதி, அந்த முடிச்சைப் பின்னால தள்ளிப் போடு. பாய் தொப்பை போடும்.”

திரும்பிப் பார்த்தேன். வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். படிக்கட்டில் நின்று கேலி பேசிய மனிதர் அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முடிச்சுப் போடும்போது, “அவ கைக்கு என்ன வேகம்ட்டி” என்றார். உங்களிடம் இதை நேரில் ஒரு தடவை சொல்லியிருக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

காற்று இதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பாயைச் சுருக்கியே ஓட்டினோம். திரும்பும்போது, “அடுத்த ஞாயித்துக்கிழமை நான் சுக்கான் பிடிச்சுப் பாக்கட்டுமா?” என்று சின்னப் பையன் போலக் கேட்டார். படகை யாருக்காவது கொடுக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

நீங்கள் கவலைப்படாதீர்கள். அவருக்கு நீச்சல் பழக ஏற்பாடு செய்துவிட்டேன். அது வரும்வரை ஒரு நாளும் அவரைத் தனியாகக் கடலுக்கு விட மாட்டேன். இது என் சத்தியம்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் என்ற பெருமையோடு,
உங்கள் நாத்தனார்
கோமதி