லைனில் விழுந்த ஒரு ஓட்டு

ஏற்காடு மலை,
24.10.1996

அன்புள்ள மாமாவுக்கு, கலாவதி வணக்கத்துடன் எழுதுவது.

ராய்ப்பூரில் போர்வெல் லாரியோடு அலைகிற உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுங்கள். இங்கே ஒரு வாரமாக மழை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் தேர்தல் முடிந்தது. எஸ்டேட் முதலாளி நிறுத்திய காண்ட்ராக்டர் காளியண்ணன் ஏணிச் சின்னத்தில் ஜெயித்துவிட்டார். பூசணிக்காய்ச் சின்னத்தில் நின்ற கிருஷ்ணம்மாள் அக்கா ஐம்பது ஓட்டில் தோற்றாள். போன வருடம் எனக்குப் பிரசவ வலி வந்தபோது எஸ்டேட் ஜீப்பைத் தர மாட்டேன் என்றார்கள். அவள்தான் நாற்காலியில் வைத்துத் தூக்க ஆள் சேர்த்தாள். நம் குழந்தை தங்கவில்லை. ஆனால் நான் இருக்கிறேன்.

நீங்கள் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். மறைப்புக்குள் நீயும் தாளும் மட்டும்தான், முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் அது யார் ஓட்டென்று ஒருவருக்கும் தெரியாது, பயந்து வீட்டில் இருந்துவிடாதே என்று. அதை நம்பித்தான் போனேன். பிரசிடெண்டுக்கான ரோஸ் தாளில் பூசணிக்காய் மேல் குத்தினேன்.

பெட்டியை வார்டு வார்டாக எண்ணுவார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் நம் லைன் வீடுகள் மட்டும் ஒரு வார்டு. மொத்தம் அறுபத்தெட்டு ஓட்டு. ஏணிக்கு அறுபத்தேழு, பூசணிக்காய்க்கு ஒன்று. ஜீப் வராத அன்று என்னோடு சேர்ந்து அழுத பெண்கள் அத்தனை பேரும் ஏணிக்கே குத்தியிருக்கிறார்கள். அதில் இருபத்தாறு பேர் மனசுக்குப் பட்டபடி குத்தியிருந்தால் இன்று கிருஷ்ணம்மாள் அக்காதான் பிரசிடெண்ட்.

ஜெயித்தவர்களுக்கு அந்த ஒன்று பொறுக்கவில்லை. மறுநாள் காலை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் எல்லோரையும் மழையில் நிற்க வைத்தார். "அந்த ஒருத்தர் யாருன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. இல்லாட்டி மொத்த லைனுக்கும் வேலை கெடையாது" என்றார். பின்னால் இருந்து யாரோ ராசாத்தியின் பெயரைச் சொன்னார்கள். நம் பக்கத்து வீட்டு ராசாத்திதான். கிருஷ்ணம்மாளுக்குத் தூரத்துச் சொந்தம், வேறு காரணம் இல்லை.

ராசாத்திக்குப் படிக்கத் தெரியாது. தேர்தலுக்கு முதல் நாள் என்னிடம்தான் வந்து, தாளில் ஏணி எங்கே இருக்கும் என்று கேட்டாள். புருஷன் இல்லாதவள், வேலை போய்விடுமோ என்ற பயம். மேலிருந்து இரண்டாவது என்று நோட்டீசில் காட்டிக் கொடுத்தேன். மழையில் நின்று அதையே சொன்னாள். "ஏனுங்க, நான் ஏணிக்குத்தானுங்க குத்துனேன். கலாவதியக்காவைக் கேளுங்க. அவங்கதான் எடம் காட்டுனாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன் மாமா.

ராசாத்தி ஆபீஸ் தாழ்வாரத்தில் ஏறி, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள். பொன்னுவேல் அதை ஊதி அணைத்துவிட்டு, ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் அவள் பெயரை அடித்தார். மத்தியானத்துக்குள் அவள் பாத்திரம், பாய், மகளின் புத்தகப் பை எல்லாம் சேற்றில் கிடந்தன. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

தலைச்சோலையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டவள், மகளைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, எனக்குக் கை நொம்ப நடுங்குச்சுங்க. ஒருவேளை மாத்திக் குத்திப்போட்டனாட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கும் கண்ணு" என்றேன்.

நேரே ஆபீசுக்குப் போய்ப் பொன்னுவேல் காலில் விழுந்து, தெரியாமல் குத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாளாம். அவர் சிரித்தாராம். இனி செத்தாலும் ஓட்டுப் போடும் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தாளாம். அவளே ஒத்துக்கொண்டாள் என்று லைன் முழுக்க ஒரே நிம்மதி. அவள் வீடு ஒழுகாது. அதை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

படித்ததும் கிழித்துவிடுங்கள். லாரியில் யாரிடமும் சொல்ல வேண்டாம். ஓட்டுப் போட்டது தப்பென்று நான் நினைக்கவில்லை, அடுத்த முறையும் போடுவேன். நேற்று தலைச்சோலைக்குப் பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன். தனியாகக் கால் வரவில்லை. லீவு கேட்டு ஒரு நாளாவது வாருங்கள் மாமா. அவள் வாசல்வரை என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், போதும்.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

உங்கள்
கலாவதி