தேருக்குக் கேட்ட மை

தேர்த்தச்சன் பூதனது வலக்கையின் விலை, இரு நாழி விளக்கெண்ணெயும் மூன்று பிடி வைக்கோற்கரியும்.

வெண்குன்றம் ஆளும் கோமான், ஏழு கணவாய்க்கும் உரியவர், புதிதாய் முடி புனைந்த இளநாகர் திருமுன்னர், தாங்கள் திறை செலுத்தும் பேரரசியாரின் பண்டகசாலை அமைச்சன் ஓரிநள்ளி பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழையும் விளைச்சலும் நிலைத்து நிற்க; தேர் மட்டும் நில்லாது ஓடுக.

முடிசூட்டு உலாவில் தெற்கு வீதித் திருப்பத்தில் தேர் ஓலமிட்டு, அச்சு புகைந்து நின்றுவிட, தாங்கள் ஒரு நாழிகை உச்சிவெயிலில் குடிகளுக்குக் காட்சி தந்தீர்கள் என்றும், அதன்பொருட்டு வரும் அமாவாசையன்று தச்சனின் வலக்கை வெட்டப்படும் என்றும் செய்தி வந்தது. பேரரசியார் விசாரிக்கச் சொன்னார். அமைச்சன் விசாரித்தான்.

உலாவுக்கு மூன்று நாள் முன்பு பூதன், ‘தேருக்கு மை, இரு நாழி’ என்று எழுதிக் கேட்டிருக்கிறான். தச்சர்கள் அச்சுக்கு இடும் குழைவையே மை என்பர். ஓலையைப் பெற்ற தங்கள் அரண்மனைப் பண்டாரி நக்கனாரோ அந்தப்புரச் சேவகத்திலேயே முதிர்ந்தவர். மை என்றால் அவருக்குக் கண்ணுக்கு இடுவது. ஆகவே ஒப்பனைப் பெண்டிர் இருவரை அனுப்பி, தேரின் முன் பூட்டிய நான்கு மரக்குதிரைகளுக்கும் அழகாகவே கண் தீட்டுவித்தார். தச்சன் முறையிட்டதில் ஓலைக்கு ஏற்றது இவ்வளவே: “சாமி, மரக்குதிரைக்குப் பார்வை எதுக்கு? நான் அச்சுக்குல்ல மை கேட்டேன்.” நக்கனார் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கொடுத்து, இதுவும் வழுக்கும், போ என்றாராம்.

வழுக்கும்; தங்காது. இரண்டாம் வீதியிலேயே எண்ணெய் தரைக்குப் போயிற்று. கரியோடு குழைத்தால்தான் அது பாரம் அழுத்தினாலும் அச்சை விட்டு நகராது, புழுதியையும் நீரையும் உள்ளே விடாது. அடிக்கடி கழற்றிப் பார்க்க இயலாத இடத்துக்கு அதுவே ஏற்றது. கருவூலப் பூட்டுக்கும் தராசு முனைக்கும் துளி எண்ணெய் போதும். அங்கே மை அப்பினால் புழுதி ஒட்டிப் பூட்டு திறவாது, அடுத்த கை கொல்லனுடையதாகும். அச்சில் பழைய மையைத் துடைத்தெடுத்த பின்பே புதியதை இடுக.

ஆதலால் பேரரசியார் ஆணை: தச்சனை விடுவிக்க. இனி ஓலைகளில் அச்சுமை, கண்மை எனப் பிரித்தெழுதுக. நக்கனார் ஒரு திங்கள் தம் கையாலேயே அச்சுக்கு மை இடுக. கை கழுவச் சீயக்காய் எங்கள் பொறுப்பு.

இலச்சினை வைத்தாயிற்று. ஓலையோடு வருவன: விளக்கெண்ணெய் இரு நாழி, கரி மூன்று பிடி. செலவு: அச்சுகளுக்கு முழுவதும். இருப்பு: மையிட்ட மரக்குதிரை நான்கு, தச்சன் கை இரண்டு. அமாவாசைக்கு மறுநாள் பண்டகசாலை ஆள் வந்து இருப்பை எண்ணுவார்.