வயலில் தொங்கும் இரண்டாம் பாகங்கள்

கிளாத்தேன்,
ஆகஸ்ட் 12

அன்பு மகள் லாரஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நகோயாவில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் முதியவர்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

அப்பாவின் பட சிடிகளைக் கணினியில் ஏற்ற நீ அனுப்பிய கருவி நன்றாகவே ஓடுகிறது. தினமும் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஏற்றி முடித்ததைப் பக்கத்து வயல்கார ஜுமாதிக்குக் கொடுத்துவிடுவார், நெல் பால்பிடிக்கும் நேரம் அல்லவா, கயிற்றில் கோத்து வயலில் தொங்கவிட்டால் வெயிலில் அது மின்னுவதில் குருவி அண்டாது. போன சனிக்கிழமை ஜுமாதி வாசலில் நின்று, "டீச்சரம்மா, போட்டுப் பாத்தேன், சார் குடுத்ததுல பாதி வெறும் ரெண்டாம் பாகம்தான். முதல் பாகத்தையும் குடுங்க, குருவிங்களுக்குக் கதை புரிய வேணாமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் கணினியைத் திறந்து பார்த்தால் பல படங்களில் முதல் பாகமே இரண்டு தடவை ஏறியிருக்கிறது. ஒரே உறையில் இருக்கும் இரண்டு சிடிகளில் எது எது என்று அவருக்குத் தெரியவில்லை, ஏற்றாத இரண்டாம் பாகத்தை ஏற்றியாயிற்று என்று வயலுக்குக் கொடுத்திருக்கிறார். கேட்டதற்குக் கருவியின் கோளாறு என்றார். ஓர் உறையை எடுத்துக் கொடுத்து இது என்ன என்று கேட்டேன். ஜன்னலோரம் போய் மூக்கில் ஒட்டுகிற மாதிரி பிடித்துப் பார்த்துவிட்டு, "காமெடிப் படம்" என்றார். அது எங்கள் கல்யாண சிடி. சொன்னதும், "அப்போ தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்று அவரும் சிரித்துவிட்டார்.

எட்டு மாதமாக மறைத்திருக்கிறார். "லாரஸ்கிட்ட சொல்லிடாத, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லுகிற நான், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மிளகாய்ச் சம்பாலைத் தடவித் தேடுவதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். மருத்துவர் கண்புரை என்கிறார், இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை வலது கண்ணுக்கு அறுவை, அன்றே வீடு திரும்பலாம். இதற்காக நீ வர வேண்டாம், ஒப்பந்தத்தை முடித்துவிட்டே வா. வயலில் தொங்கிய சிடிகளைக் கழற்றி வந்து துடைத்து வைத்திருக்கிறேன், பாதி ஓடுகிறது, பாதி ஓடவில்லை.

இன்னொன்று. ஜூலையில் நீ கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு காணொளியில் வந்தபோது அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அவருக்கு அது தெரியவே இல்லையம்மா. நானும் இன்றுவரை சொல்லவில்லை. அறுவைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்ப்பார்கள். சனிக்கிழமை நீ கூப்பிடு, அவரே பார்த்துத் திட்டட்டும்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. கூப்பிடும்போது விளக்கு முகத்தில் படும்படி உட்கார்.

அன்புடன்,
அம்மா
சுமார்னி